பட்டுப்போன மரம் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டால்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஏப்ரல், மே வந்தாலே பெங்களூரில் சாயங்காலம் ஒரு காற்று, கூடவே மழை. அதற்கு முன்னால் பட்டுப்போன மரத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று ஆள் தேடுகிறார்கள், எனக்கும் ஒரு நாளைக்கு நாலைந்து போன் வருகிறது. 16 வருஷமாக இந்த வேலைதான். சொந்த ஊர் ஊத்தங்கரை பக்கம், குடும்பத்தோடு இருப்பது முருகேஷ்பாளையாவில். மரம் வெட்டுவது பற்றி முழுக்க எழுத உட்காரவில்லை. வெட்டின மரம் தரைக்கு வராமல் பக்கத்து மரத்தின் கவட்டையில் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறதே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த வேலையில் நான் பயப்படுவது அதற்குத்தான், வேறு எதற்கும் இவ்வளவு இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹொரமாவு பக்கம் ஒரு லேஅவுட். மதில் ஓரம் வரிசையாக சில்வர் ஓக், அதில் ஒன்று மொட்டையாகப் பட்டுப்போய் நின்றது, 50 அடி இருக்கும். ஏன் பட்டது என்று போனதுமே தெரிந்துவிட்டது. வீடு கட்டின மண்ணையும் ஜல்லியையும் அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்குக் கொட்டி மேடாக்கி விட்டார்கள். வேருக்குக் காற்று போகாமல் மரம் செத்திருக்கிறது. அரிவாளைத் திருப்பிப் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தேன், ஆள் உயரத்துக்கு மேலே சத்தம் பானையைத் தட்டின மாதிரி இருந்தது. அதற்குக் கீழே பட்டை விட்டுப்போய் கறையான் மண் கோடு கோடாக ஏறியிருந்தது. இதை எல்லாம் பார்த்த பிறகும் நாங்கள் அன்றைக்கு வெட்டினோம். கான்ட்ராக்டர் அவசரப்படுத்தினார், மூன்றரை மணிக்கு ஸ்கூல் வேன் அந்த வழியாகத்தான் வரும் என்றார்.

பச்சை மரத்தில் என்ன செய்வோம்? விழ வேண்டிய பக்கம் வாய் மாதிரி ஒரு வெட்டு போட்டு, பின்பக்கம் இருந்து ரம்பத்தை உள்ளே விடுவோம், நடுவில் மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு வெட்டாமல் விட்டு வைப்போம். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி, மரத்தை நாம் காட்டின திசையிலேயே பிடித்து இறக்குவது வெட்டாமல் விட்ட அந்தப் பகுதிதான். பட்ட மரத்தில் அந்த இடத்தில் நார் செத்துப்போய் இருக்கும், வளையாது, படக்கென்று ஒடியும். அன்றைக்கும் அதேதான் நடந்தது. பாதி சாய்வதற்குள் கீல் ஒடிந்தது, மரம் அடியிலேயே வலது பக்கம் முறுக்கிக்கொண்டது, ரோட்டுக்கு வர வேண்டிய நுனி நேராகப் போய் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் கவட்டையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு பெரிய சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. மேலே இருந்து மாவு மாதிரி பட்டைத் தூள் மட்டும் எங்கள் சட்டை மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது.

அந்த அமைதியை நம்பக் கூடாது. மரம் நின்றுவிட்டதாகத்தான் தோன்றும், ஆனால் அதன் பாரம் முழுக்க ஒரு கிளையின் மேலும் ஒடிந்த தூரின் மேலும் இருக்கிறது. எது எப்போது நழுவும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் கூட இருந்த தம்பி, என்னைவிட எட்டு வயது சின்னவன், நல்ல வேலைக்காரன், உடனே செயின் சாவோடு அடிமரத்துக்குப் போனான். பலரும் செய்கிற வழிதான் அது, அடியில் இருந்து மூன்றடி மூன்றடியாக அறுத்துக்கொண்டே போனால் மரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும் என்று நினைப்பார்கள். நான் அந்தப் பக்கம் கயிறு பிடித்து நின்றேன். "விடுடா, வெளியே வாடா" என்று கத்தினேன், ரம்பச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. முதல் துண்டு விழுந்தது. மரத்தின் அடி கீழே இறங்கி மண்ணில் ஊன்றி நின்றது, அதாவது முன்னைவிட நிமிர்ந்துவிட்டது. கவனியுங்கள், சாய்ந்திருந்த மரம் எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு சொல்லலாம், நிமிர்ந்த மரம் எந்தப் பக்கமும் போகும். அவன் இரண்டாவது வெட்டை மேல் பக்கம் இருந்து போட்டான். இரண்டு முனையிலும் தாங்கி நிற்கிற மரத்தில் மேல் பக்கம் நெருங்கும், கீழ் பக்கம் இழுபடும், மேலே இருந்து அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விப் பிடிக்கும். கவ்விவிட்டது. அவன் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் ரம்பத்தை உருவிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு கிளை 'கிர்ர்' என்றது. மரம் அவன் பக்கமே திரும்பி வந்தது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போனது. தலைக்கவசம் போட்டிருந்தான், இல்லையென்றால் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனபோது மடியில் அவன் தலை, என் கையில் அவனுடைய ஒரு செருப்பு, எதற்காக எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை, இன்னொன்று அங்கேயே கிடந்தது.

அவனைச் சாய்த்ததோடு மரம் முழுசாக விழுந்துவிடவும் இல்லை, மறுபடியும் அந்தத் தூங்குமூஞ்சியிலேயே தொங்கியது. அடுத்த நாள் காலையில் எங்கள் பழைய மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தர்மபுரிக்காரர், 60 வயதுக்கு மேல். வந்தவர் அரை மணி நேரம் மரத்தைத் தொடவே இல்லை, தூரத்தில் இருந்து சுற்றிச் சுற்றி வந்து எந்தக் கிளை தாங்குகிறது, அடி எங்கே ஊன்றியிருக்கிறது, மேலே முறிந்து தொங்குகிற துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். முதல் வேலையாக ரிப்பன் கட்டச் சொன்னார், மரத்தின் உயரத்தில் இரண்டு பங்கு தூரத்துக்கு, அதாவது 100 அடிக்குள் ஒரு ஆள் வரக் கூடாது. அப்புறம் அடிமரத்தில் பெல்ட் போட்டு, நுனி மாட்டியிருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக, தரையோடு தரையாக இழுக்க கை வின்ச் வைத்தார், கையால் ஆட்டி ஆட்டி வடத்தை இழுக்கிற கருவி அது. வின்ச்சைக் கட்டினது உயிருள்ள ஒரு மரத்தின் அடியில், பட்டைக்குச் சாக்கு சுற்றி. நடுவில் ஒரு கப்பி போட்டு வடத்தைத் திருப்பிவிட்டதால் வின்ச் ஆட்டுகிறவன் வடத்தின் நேர்கோட்டில் நிற்க வேண்டியதில்லை. இரும்பு வடம் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும், அந்தக் கோணத்துக்கு உள்ளே ஒருத்தரையும் நிற்கவிடவில்லை. ஒவ்வொரு பத்து ஆட்டுக்கும் நிறுத்தி மேலே பார்ப்பார். அடி பின்னால் நகர நகர நுனி கவட்டையை விட்டு வழுக்கிக்கொண்டே வந்தது, 40 நிமிஷத்தில் மொத்த மரமும் தரையில். இறங்கின பிறகும் பத்து நிமிஷம் கிட்டே போகவிடவில்லை, அந்தத் தூங்குமூஞ்சியில் ஒடிந்த கிளைகள் தங்கியிருந்தன, அவற்றில் இரண்டு தானாக விழுந்தன.

40 நிமிஷம். அதற்கு அவசரப்பட்டு ஒரு பையன் ஒரு வருஷம் கட்டிலில் கிடந்தான்.

அன்றில் இருந்து நான் மாட்டின மரத்துக்குக் கீழே யாரையும் விடுவதில்லை. தாங்குகிற மரத்தையும் தாங்குகிற கிளையையும் வெட்ட மாட்டேன், அதைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள், இரண்டு மரமும் சேர்ந்து வெட்டுகிறவன் மேல் வரும். அதன் மேல் ஏற மாட்டேன். இன்னொரு மரத்தை அதன் மேல் தள்ளி இடித்து இறக்கலாம் என்பவர்களோடு வேலையே செய்வதில்லை. வின்ச் கட்ட வசதி இல்லாத குறுகலான இடம் என்றால் ஹைட்ரா கிரேன் வரும்வரை ரிப்பன் கட்டி ஒரு காவல் ஆளை வைத்துவிட்டுப் போய்விடுவேன், நாளைக்கு என்றாலும் சரி. கிரேன் வாடகையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களிடம் அந்தப் பையனின் காலைப் பற்றிச் சொல்வேன்.

உங்கள் பக்கம் எப்படி? நடந்ததை எழுதுங்கள்.

—

சி.வி. ராமன் நகரிலிருந்து:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் மனசு சரியில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன், நான் அங்கே செயலாளர். ராத்திரி மழையில் ஒரு மயில்கொன்றை (குல்மோஹர்) மரம் வேர்மண்ணோடு சாய்ந்து இயல்வாகை மரத்தில் மாட்டி நின்றது, வெட்டினது இல்லை, தானாகச் சாய்ந்தது. காலையில் பார்த்தால் குழந்தைகள் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள், பெரியவர் ஒருவர் வழக்கம்போல அந்த வழியாகவே வாக்கிங் போகிறார். "ராத்திரி முழுக்க நின்ற மரம், இனிமேலா விழப்போகுது" என்றார். அவரிடம் கை கூப்பித்தான் கேட்டேன், அங்கிள் தயவுசெய்து இந்தப் பக்கம் வாங்க என்று. மரத்தின் ஒரு கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதனால் மின்சாரப் புகார் எண் 1912-க்கு போன் போட்டு லைனை நிறுத்தின பிறகுதான் ரிப்பன் கட்டவே ஆளை அனுப்பினேன். ஈர மரம், ஈர மண், நடுவில் கரண்ட். மரத்தைப் பார்க்கிற அவசரத்தில் கம்பியை மறந்துவிடுவோம். பத்தரை மணிக்கு, காற்றே இல்லை, இலை கூட அசையவில்லை, இயல்வாகையின் கிளை முறிந்து மயில்கொன்றை மொத்தமாக நடைபாதையில் வந்து விழுந்தது. சிமென்ட் பெஞ்சு இரண்டாகப் போனது. அந்தப் பெரியவர் தினமும் உட்காரும் பெஞ்சு அது.

இன்னொன்று, அனுமதி. தனியார் இடத்தில் நிற்கிற மரம் என்றாலும் 1976-ஆம் வருஷத்துக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி பெரும்பாலும் மர அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பட்டுப்போனது, உயிருக்கோ வீட்டுக்கோ ஆபத்தானது என்றால் அனுமதி மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால் மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள், மழை வந்த பிறகு ஓடாதீர்கள்.

—

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

நான் வளர்ந்தது ஏற்காட்டில், காப்பித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக்தான், அதில் மிளகுக் கொடி ஏற்றுவார்கள், மரங்கள் கிட்டக் கிட்ட இருப்பதால் ஒன்றை வெட்டினால் இன்னொன்றில் மாட்டுவது சாதாரணம். அப்பாவோடு வேலை செய்த ஒரு மேஸ்திரி அதை உருட்டி இறக்குவார். அடிமரத்தில் வடத்தை நாலைந்து சுற்று சுற்றி, தள்ளி நின்று பக்கவாட்டில் இழுத்தால் மரம் தன்னைத் தானே சுற்றும், நுனி கவட்டையில் இருந்து கழன்றுவிடும். எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். வின்ச்சே இல்லாமல் ஐந்து நிமிஷத்தில் முடிந்த மரங்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் வின்ச், கிரேன் வேண்டும் என்று சொல்ல முடியுமா என்றுதான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

—

முருகேஷ்பாளையாவிலிருந்து மறுபடியும்:

தப்பாக எல்லாம் எடுக்கவில்லை சார், உருட்டுவது நல்ல வழிதான். ஒல்லியான பச்சை மரம், ஒரு ஓரத்தில் மட்டும் மாட்டியிருக்கிறது என்றால் நானும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பட்ட மரத்தில் செய்ய மாட்டேன். உருட்டும்போது மரம் உதறும், அந்த உதறலில் மேலே செத்துப்போன நுனி ஒடிந்து ஈட்டி மாதிரி இறங்கும். ஆப்பு அடிப்பதும் அப்படித்தான், கீழே ஒவ்வொரு அடிக்கும் மேலே ஒன்று கழலும். பட்ட மரம் என்றால் மெதுவாக, ஆட்டாமல், தூரத்தில் இருந்து இழுக்க வேண்டும். இன்னும் நல்லது, மரத்தைச் சாய்க்கவே சாய்க்காமல் பூம் லிஃப்ட்டில் ஆளை நிற்க வைத்து உச்சியில் இருந்து துண்டு துண்டாக இறக்குவது, அப்போது மாட்டிக்கொள்கிற பேச்சே இல்லை.

அக்கா, அந்த பெஞ்சு விஷயம் என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன்.

தம்பியைப் பற்றி உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நடக்கிறான், குளிர் நாளில் கொஞ்சம் இழுக்கும். இப்போது என் கூடத்தான் இருக்கிறான், செயின் தீட்டுவதும் வடத்தை ஒவ்வொரு முழமாகத் தடவிப் பிரிந்த கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவன் பொறுப்பு. வரும் சனிக்கிழமை ஹெண்ணூர் பக்கம் ஒரு பட்ட சில்வர் ஓக் எடுக்கிறோம், பூம் லிஃப்ட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, ரிப்பனை அவன்தான் அளந்து கட்டுவான்.