பழைய லாரியின் டீசல் டேங்க் பட்டை: வெல்டிங்கா, புதிதா?

கேள்வி: 400 லிட்டர் அலுமினிய டேங்க், அதைச் சுற்றி லாரியோடு பிடித்திருப்பது இரண்டு இரும்புப் பட்டைகள். முன்பக்கப் பட்டை போல்ட் சேரும் இடத்தில் துருப்பிடித்து விரிசல் விட்டிருக்கிறது. அதை மட்டும் வெல்டிங் வைத்து ஓட்டலாமா, இரண்டையும் மாற்றணுமா? என்ன அளவு சொல்லிக் கேட்பது?

பதில் 1: வெல்டிங் வேண்டாம் தம்பி. டேங்க் நிறைந்தால் டீசல் மட்டுமே சுமார் 330 கிலோ, குழியில் இறங்கி ஏறும்போது வெல்டிங்குக்குப் பக்கத்து இரும்புதான் முதலில் பிளக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டேங்கின் விட்டம், பட்டையின் அகலம், போல்ட்டின் தடிமன் மூன்றும் வேண்டும். உருளையாக இல்லாத டேங்க் என்றால் பழைய பட்டையையே கொண்டுபோய் ஒப்பிடுங்கள்.

பதில் 2: எனக்குக் கவலை பட்டைக்கு அடியில் வரும் ரப்பர்தான். அது நகர்ந்தால் இரும்பு நேராக அலுமினியத்தில் உரசும், ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். கழற்றியதும் அந்தத் தடத்தைத் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் டேங்கையே சோதிக்கணும்.

கேள்வி: சரி அண்ணே, டேங்கை இறக்காமல் மாற்ற முடியுமா?

பதில் 1: முடியும். டீசலை வடித்துவிட்டு, அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்து, ஒரு பட்டையை முழுசாக மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். டேங்கைத் தாங்கும் பிராக்கெட்டை சேஸியோடு பிடிக்கும் போல்ட்டையும் பாருங்கள், நட்டைச் சுற்றித் துருப்பொடி வழிந்திருந்தால் அது ஆடுகிறது. கழற்றிய நைலான் நட்டை, அதாவது தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டை, திரும்பப் போடாதீர்கள். அப்புறம் புது ரப்பர் அமுங்கும், கொஞ்ச தூரம் ஓடியதும் பட்டை நட்டின் முறுக்கைச் சரிபாருங்கள். அதற்காக முதலிலேயே மிஞ்சி இறுக்கினால் டேங்க் நசுங்கும்.