வாசல்ல நிக்கிற சிங்கம்

மீனா அத்தை: கார்த்தி, பரண்ல இருந்த உன் பெட்டியை இறக்கித் தூசி தட்டினோம். அதுல ஒரு சதுர நீலத் துணி இருக்கு. நடுவுல மூணு கோபுரம், கோட்டை வாசல்ல ஒரு சிங்கம், ஓரம் பூரா மஞ்சள் முக்கோணம். துவைச்சுப் போடவா?

கார்த்தி: அத்தை, தண்ணில போட்டுடாதீங்க! அது உக்ரைன்ல நான் படிச்ச லிவிவ் ஊரோட கொடி. ரைனோக் சதுக்கத்துல வாங்கினது. 2022ல கிளம்பும்போது ஸ்வெட்டர்ல சுத்தி எடுத்துட்டு வந்தேன்.

செல்வம் சித்தப்பா: உக்ரைன் கொடி ரெண்டு பட்டைதானேடா? மேல நீலம், கீழ மஞ்சள்.

கார்த்தி: அது நாட்டுக் கொடி சித்தப்பா. இது அந்த ஊருக்கு மட்டும் உள்ளது. நடுவுல இருக்கிறது ஊரோட சின்னம்.

தாத்தா: சிங்கம் ஏன்?

கார்த்தி: ஊர்ப் பேரே அதுதான் தாத்தா. டானிலோன்னு ஒரு ராஜா, மகன் பேர் லெவ். லெவ்னா சிங்கம். மகன் பேர்ல கட்டின ஊர் லிவிவ். எங்க மெடிக்கல் யுனிவர்சிட்டிக்கும் அந்த டானிலோ ஹாலிட்ஸ்கி பேர்தான். அஞ்சு வருஷம் ஐடி கார்டுல அந்தப் பேரைத்தான் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

தாத்தா: சிங்கப்பூர் மாதிரி. எந்தக் காலம்?

கார்த்தி: முதல் குறிப்பு 1256. அதுவும் ஒரு தீ விபத்தைச் சொல்லும்போது வருது. ஹோல்ம்னு ஒரு ஊர் பத்தி எரிஞ்சப்போ அந்த வெளிச்சம் லிவிவ் வரைக்கும் தெரிஞ்சதுன்னு பழைய வரலாற்று ஏட்டுல எழுதி வச்சிருக்காங்க. 1356ல போலந்து ராஜா காசிமிர் ஊர் தன்னைத்தானே ஆள உரிமை கொடுத்தார். கோட்டை வாசல்ல சிங்கம் நிக்கிற முத்திரையும் அந்த நூற்றாண்டுலேயே வந்துடுச்சு.

செல்வம் சித்தப்பா: அப்ப போலந்து ஊரா?

கார்த்தி: போலந்துக்காரங்க லுவூஃப்னாங்க. 1772ல ஆஸ்திரியா பிடிச்சு லெம்பர்க்னு வச்சாங்க. அப்புறம் மறுபடி போலந்து, 1939ல சோவியத், நடுவுல ஜெர்மன்காரங்க. ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி ஊர்ல மூணுல ஒருத்தர் யூதர். அந்த யூதர்கள்ல கிட்டத்தட்ட எல்லாரையும் ஜெர்மன்காரங்க கொன்னுட்டாங்க. அந்தத் தெருக்கள்ல நடந்துதான் நான் கிளாஸுக்குப் போவேன்.

தாத்தா: ம்.

கார்த்தி: சித்தப்பா, நீங்க கேட்ட நாட்டுக் கொடிக்கு வர்றேன். மேல வானம், கீழ கோதுமை வயல்னு எல்லாரும் சொல்வாங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா அந்த நிறங்களோட வேர் இந்தச் சிங்கம். 1848ல லிவிவ்ல உக்ரைனியர்கள் ஒரு மன்றம் ஆரம்பிச்சு, நீலத்துல தங்கச் சிங்கம் இருந்த, டானிலோ ஆண்ட பழைய ஹாலிச் நாட்டுச் சின்னத்தைத் தங்களோடதா எடுத்துக்கிட்டாங்க. அதே வருஷம் லிவிவ் டவுன்ஹால்ல நீல மஞ்சள் கொடி ஏறிச்சு. 142 வருஷம் கழிச்சு, 1990 ஏப்ரல் 3, சோவியத் ஆட்சி இன்னும் முடியாதப்பவே அதே கட்டடத்துல திரும்ப ஏத்தினாங்க. அந்தக் கோபுரத்துக்கு 400 படிக்கு மேல. நான் ஏறியிருக்கேன்.

மீனா அத்தை: டவுன்ஹால்னா, நீ போட்டோ அனுப்பினியே, வாசல்ல ரெண்டு கல் சிங்கம்?

கார்த்தி: அதேதான் அத்தை. ரெண்டும் கேடயம் பிடிச்சிருக்கும், அதுலயும் இந்தச் சின்னம்தான். சதுக்கத்தோட நாலு மூலையிலும் சிலை வச்ச நீரூற்று. 2022 மார்ச்ல குண்டுக்குப் பயந்து அந்தச் சிலைகளைத் துணியால சுத்திக் கட்டிட்டாங்க. அடுத்த வருஷம் ஊரோட பழைய பகுதியை, ஆபத்துல இருக்கிற உலகப் பாரம்பரிய இடங்களோட பட்டியல்ல யுனெஸ்கோ சேர்த்துச்சு.

மீனா அத்தை: துவைக்கல சாமி. நிழல்ல உதறி, பழைய வேட்டில சுத்தி, அந்துருண்டை போட்டு பீரோல வச்சிடறேன். நீ வரும்போது எடுத்துக்கோ.

நிலா பாப்பா: அதை உள்ள வைக்காதீங்க, நான் வரையணும். அண்ணா, சிங்கம் எந்தப் பக்கம் நடக்குது?

கார்த்தி: நாம பார்த்தா இடது பக்கம்டா.