நோர்வேயில் இருக்கும் உறவுகளே, ஒரு உதவி வேணும்

வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். மகள் தரம் 9. குளிர்கால ஒலிம்பிக் பற்றி வகுப்பில் பேச நோர்டிக் கம்பைன்ட் போட்டியைத் தெரிவு செய்திருக்கிறாள். காலையில் பனிச்சறுக்குத் தாண்டல், அப்புறம் அதே வீரர்கள் 10 கிலோமீற்றர் பனியில் சறுக்கி ஓடவேண்டும், தாண்டலில் முந்தியவர் முதலில் புறப்பட, மற்றவர்கள் ஒரு புள்ளிக்கு 4 செக்கன் வீதம் பிந்தித்தான் கிளம்பலாம், அதாவது 15 புள்ளி குறைந்தால் ஒரு முழு நிமிடம். கடைசியில் யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கே தங்கம். எவ்வளவு அழகான முறை!

1924 இல் இருந்தே ஒலிம்பிக்கில் உள்ள இந்தப் போட்டியில் 2026 இலும் பெண்களுக்கு இடமில்லை. மகளுக்கு அதுதான் பெரிய கவலை, பேச்சையே அதில்தான் முடிக்கப் போகிறாள்.

நிலாவெளி மணலைத் தவிர வேறெதிலும் சறுக்காத பிள்ளை, அதனால் கேட்கிறேன்: ஒஸ்லோ ஹொல்மென்கொல்லனில் இதை நேரில் பார்த்தவர்கள் யாராவது, தாண்டலுக்கான அகலப் பலகையையும் ஓட்டத்துக்கான ஒடுங்கிய பலகையையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் இருந்தால் தாருங்கள். உங்கள் பிள்ளைகள் இதைத் தமிழில் எப்படிச் சொல்வார்கள் என்றும் எழுதுங்கள். வரும் வெள்ளிக்கிழமை பேச்சு.