மறு: ‘வோட்டும்’: ஆசையா, வேட்கையா?

வணக்கம்.

திருமுழுக்கை (ஞானஸ்நானத்தை) விரும்பியும் அதைப் பெறாமலே இறப்பவரின் அந்த விருப்பத்தைக் கத்தோலிக்க இறையியல் ‘வோட்டும்’ (votum) என்கிறது. இந்த லத்தீன் சொல்லைத் தமிழாக்க ‘ஆசை’யே போதும் என்று இந்த இழையில் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. மறுபிறப்பு தரும் நீராடலோ (அதாவது திருமுழுக்கோ) அதற்கான வோட்டுமோ இல்லாமல் மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவர் ஆவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்துப் பொதுச்சங்கம் 1547-இல் அறிவித்தது. இத்தனை பெரிய பொறுப்பைச் சுமக்கும் சொல், வந்து போகும் ஆசையைக் குறிக்க முடியாது.

உரோமைப் பேரரசர் இரண்டாம் வாலெந்தீனியன் 392-இல் திருமுழுக்குப் பெறாமலே இறந்தார். மிலான் ஆயர் அம்புரோசிடம் அதைக் கேட்டிருந்தார், ஆனால் ஆயர் வந்து சேரும் முன்பே உயிர் போய்விட்டது. கேட்டவர் பெற்றுக்கொண்டார் என்றுதான் அம்புரோசு அவருடைய சகோதரிகளைத் தேற்றினார். அந்தக் கேட்டலின் உறுதி ‘வேட்கை’யில் இருக்கிறது. எனவே ‘வேட்கைத் திருமுழுக்கு’ என்கிறேன்.

‘மாற்றுத் திருமுழுக்கு’ என்ற பெயர் வேண்டவே வேண்டாம். இந்த வேட்கை திருமுழுக்கின் பலன்களைத் தரும், ஆனால் அருளடையாளம் (திருச்சபையின் அருள்தரும் சடங்கு) ஆகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1258) தெளிவாகச் சொல்கிறது. ‘மாற்று’ என்று போட்டால் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிடும்.

அப்புறம், உண்மையான சிக்கல். கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படாதவருக்கு எந்த வேட்கை இருக்கும்? பாஸ்டனில் இயேசு சபைக் குரு லெனார்ட் ஃபீனி, நீரால் திருமுழுக்குப் பெறாதவருக்கு மீட்பே இல்லை என்று நின்றார். தன் குற்றமில்லாமல் அறியாமையில் இருப்பவரிடம், கடவுளின் விருப்பப்படி நடக்கும் மனநிலைக்குள்ளேயே அந்த வேட்கை அடங்கியிருக்கலாம் என்று 1949 ஆகஸ்ட் 8 தேதியிட்ட உரோமைத் திருச்சபைத் தலைமையின் கடிதம் பாஸ்டன் பேராயர் குஷிங்குக்கு விளக்கியது. எந்த வேட்கையும் போதும் என்று அது சொல்லவில்லை, நிறைவான அன்பும் நம்பிக்கையும் அதில் இருக்க வேண்டும். ஃபீனி 1953-இல் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டது கீழ்ப்படியாமைக்காக. 1972-இல் மீண்டும் ஏற்கப்பட்டார்.

இதற்கு ‘மறைமுக வேட்கை’ என்றால் ஏதோ ஒளித்துவைத்தது போல ஒலிக்கிறது. ‘உள்ளுறை வேட்கை’ சரியாக வரும். சொல்லப்படாமல் உள்ளே உறைவதற்கு நம் இலக்கண மரபில் ஏற்கெனவே பழகிய சொல் அது. வாயால் கேட்டவருடையது ‘வெளிப்படை வேட்கை’.

ஒரே ஒரு வேண்டுகோள். திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தைகளுக்கு இச்சொல்லை நீட்டாதீர்கள். பெற்றோரின் வேட்கை கருவிலேயே இறக்கும் குழந்தைக்கு உதவும் என்று 16-ஆம் நூற்றாண்டில் கர்தினால் கயெத்தான் கருதினார், திருச்சபை அதைப் போதனையாக்கவில்லை. மறைக்கல்வி (எண் 1261) அவர்களைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. அவர்கள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையம் 2007-இல் எழுதியது. குழந்தையை இழந்தவர்களும் இந்தப் பதிவைத் தேடி வருவார்கள். அங்கே கலைச்சொல் எதுவும் வேண்டாம், இந்த இரண்டையும் நேராகவே எழுதிவைப்போம்.

‘உள்ளுறை’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மேலே சொன்ன தன் குற்றமில்லாத அறியாமைக்கான சொல்லான ‘நீக்கவியலா அறியாமை’யை அடுத்து எடுத்துக்கொள்ளலாம்.