கோத்தகிரி: முதியோர் மதிய உணவைக் கூடத்தில் பரிமாறுவதா, வீட்டுக்கு அனுப்புவதா?

கோத்தகிரி தன்னார்வலர்:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில், தனித்து வாழும் முதியவர்கள் 42 பேருக்கு வாரத்தில் ஐந்து நாள் மதிய உணவு பரிமாறி வருகிறோம். பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டதால் தனித்துவிட்டவர்களே இவர்களில் பெரும்பாலோர். தேயிலை பறித்தே முதுகு வளைந்துபோன பெண்களும் பலர் இருக்கிறார்கள். பரிமாறவும் கூடத்தைக் கழுவவும் ஆள் கிடைக்காததால், அடுத்த மாதம் முதல் செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாள் மட்டும் கூடத்தில் பரிமாறிவிட்டு, மற்ற மூன்று நாளும் ஜீப்பில் வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பலாம் என்று ஊர்க் குழு எண்ணியுள்ளது. அந்த நாட்களில் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றே முக்காலுக்குத் தள்ளிப்போகும்.

மழைக்காலத்தில் வழுக்கும் படிகளில் வர முடியாதவர்களுக்கு இது பேருதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்து வரக்கூடியவர்களையும் நாமே வீட்டோடு இருத்திவிடுகிறோமோ என்று மனம் உறுத்துகிறது. இதற்கிடையே, இங்கே சாப்பிட்டால் முதியோர் உதவித்தொகையோடு கிடைக்கும் அரிசி குறைந்துவிடும் என்று அஞ்சிச் சிலர் பெயர் பதியவே மறுக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், கூடலூர்:

அரிசியைப் பற்றிய அச்சத்தை முதலில் போக்குங்கள், அம்மா. 1982 ஜூலையில் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983 ஜனவரியில் முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அரசு மையத்தில் மதிய உணவு உண்பவர்களுக்கு மாதம் 2 கிலோ, உண்ணாதவர்களுக்கு 4 கிலோ அரிசி என்ற வேறுபாடு அந்த வழியில் வந்ததுதான். உங்கள் கூடம் அரசு மையம் அன்று; 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட உதவித்தொகைக்கும் உங்கள் பதிவேட்டுக்கும் தொடர்பில்லை. ஆதார் நகலும் கைரேகையும் கேட்காமல், பெயரையும் வீட்டு அடையாளத்தையும் மட்டும் எழுதிக்கொண்டால் பாதி அச்சம் தானாகவே அகலும்.

மற்றொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். உங்கள் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த அண்டாவில் பருப்பு குழைய வேகச் சமவெளியைவிட நெடுநேரம் பிடிக்கும். அதன் பிறகு 42 பங்காகப் பிரித்து ஜீப்பில் ஏற்றினால், ஒன்றே முக்கால் என்று குறித்த சாப்பாடு கடைசி வீட்டை அடைய இரண்டரை ஆகிவிடும்.

செவிலியர், குன்னூர்:

எனக்கு இதில் பெரும் கவலை தருவது நேரம்தான். சர்க்கரை நோய்க்குக் காலையில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் மதிய உணவு ஒரு மணி நேரம் தள்ளினாலே சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கலாம், பேச்சுக் குழறலாம். தனியாக இருக்கும் முதியவருக்கு இது நேர்ந்தால், குளிர் நடுக்கம் என்று எண்ணிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். அருகில் ஆள் இருந்தால்தான் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க முடியும். ஆகவே அத்தகையவர்களின் பெயரைக் கேட்டறிந்து, ஜீப் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகும்படி செய்யுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்றச் சொல்லாதீர்கள். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஆறிய பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாதியை இரவுக்கு எடுத்துவைக்கும் வழக்கம் வீட்டில் தனியாக உண்பவர்களிடம் மிகுதி என்பதால், இதை அவர்களிடமும் சொல்லுங்கள்.

கொடைக்கானல் மலை ஊரிலிருந்து:

நாங்கள் இதே மாற்றத்தைச் செய்து, நான்கே மாதங்களில் கைவிட்டோம். சமையல் வேலை சிறிதும் குறையவில்லை. பரிமாறும் வேலை போய், தூக்குச்சட்டி கழுவும் வேலையும் டீசல் செலவும் வந்து சேர்ந்தன. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் உங்களுக்கும் எவர்சில்வர் தூக்குகள்தான் வழி. ஒன்று வீட்டில் இருக்கும்போது மற்றொன்று கழுவிக் காய வேண்டுமாதலால், ஆளுக்கு இரண்டு வாங்க வேண்டியிருக்கும்.

அதைவிட வருத்தமான ஒன்று உண்டு. கூடத்தில் ஒருவர் வரவில்லையென்றால், பக்கத்தில் உட்காரும் பாட்டியே “அவரை ஏன் காணோம்?” என்று கேட்டுவிடுவார். வீட்டு வாசலில் தூக்கை வைத்துவிட்டு வந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு பெரியவரின் தூக்கு, இரண்டு நாள் தொடப்படாமல் திரும்பி வந்த பிறகே எங்களுக்கு விவரம் தெரிந்தது. இப்போது படுக்கையில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்புகிறோம். கொண்டுபோகிறவர் தூக்கைக் கையில்தான் கொடுக்க வேண்டும், முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வர வேண்டும். தொலைவில் இருக்கும் பெண்கள், 2024-இல் மலைப்பகுதிக்கும் நீட்டிக்கப்பட்ட கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் தாங்களே வந்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு அந்தச் சலுகை இல்லாததால், அவர்களுடைய பேருந்துக் கட்டணத்தை நாங்களே ஏற்கிறோம்.

கோத்தகிரி தன்னார்வலர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வீடு வீடாகச் சென்று பார்த்ததில், உண்மையிலேயே வர இயலாதவர்கள் 11 பேர்தான். அவர்களில் நால்வர் இன்சுலின் போடுகிறவர்கள். ஐந்து நாளும் கூடத்தில் பன்னிரண்டரைக்கே பந்தி தொடங்குவது, அதற்கு முன்பே ஜீப்பை அந்த நால்வர் வீட்டுக்கு முதலில் அனுப்புவது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். பரிமாற ஆளில்லை என்ற குறைக்கு, சாப்பிட வரும் பெண்களில் ஆறு பேர் தாங்களே முறைவைத்துப் பரிமாறுவதாக முன்வந்திருக்கிறார்கள்.