உன் காம்பவுண்ட் தப்பா, என் அஸ்ஸே தப்பா: லேப் சண்டை அனுபவங்கள்

நான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. ஒரு மாலிக்யூலுக்காக பதினோரு ஸ்டெப், ஏழு மாசம் உழைச்சேன், என்எம்ஆர்ல (மாலிக்யூலோட அமைப்பைக் காட்டற டெஸ்ட்) வேண்டாத பீக் ஒண்ணு கூட இல்ல, அவ்ளோ சுத்தம். பயாலஜி பக்கம் குடுத்ததும் என்சைமை தடுக்குது, ஐசி50 (என்சைம் வேலையை பாதியா குறைக்கத் தேவையான அளவு) 2 மைக்ரோமோலார்னு வந்துச்சு, எனக்கு தலைகால் புரியல. ஆனா அஸ்ஸே, அதாவது காம்பவுண்ட் என்சைமை தடுக்குதான்னு பாக்கற அந்த டெஸ்ட் பண்ணின அக்காவே நம்பல. "தம்பி, இது என்சைம்ல போய் உக்காருதான்னு சந்தேகமா இருக்கு, பஃபர் தண்ணியில திரண்டு புரோட்டீனை சும்மா ஒட்டிக்குதோ என்னவோ"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! மெக்கானிசம் எழுதத் தெரியாதவங்க என் மாலிக்யூலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறதான்னு கேட்டுட்டேன் (2020ல கெமிஸ்ட்ரி நோபலை கிறிஸ்பர்ங்கற ஜீன் எடிட்டிங் முறைக்கு குடுத்ததுல எங்க பக்கம் ஏற்கனவே ஒரு ஆத்தாமை வேற). அவங்களும் விடல, "உங்களுக்கு ஃபிளாஸ்க்க தாண்டி என்ன தெரியும்"னாங்க. ரெண்டு வாரம் பேச்சுவார்த்தையே இல்ல.

அப்புறம் அவங்களே கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு செஞ்சு காட்டினாங்க. ஒரே பிளேட், பாதி குழியில மட்டும் 0.01% ட்ரைட்டான் எக்ஸ்-100, அது ஒரு டிடர்ஜென்ட், திரண்டு நிக்கறத உடைச்சு விட்டுடும். என்சைம் வேலை செஞ்சா மஞ்சளாகணும். டிடர்ஜென்ட் இல்லாத பக்கம் வெளுப்பாவே கிடக்கு, போட்ட பக்கம் என் காம்பவுண்ட் இருந்தும் கண்ணு முன்னாடியே மஞ்சள் ஏறுது. நான் என்எம்ஆர் எடுத்தது குளோரோஃபார்ம்ல, அங்க அழகா கரைஞ்சு நிக்கும், ஆனா என்சைம் இருக்கறது தண்ணியில, அத நான் ஒரு நாள் கூட யோசிச்சதில்ல. அன்னிக்கே மன்னிப்பு கேட்டுட்டேன்.

---

எனக்கு இது அப்படியே தலைகீழா நடந்துச்சு, நான் பயாலஜி. வாங்கின இன்ஹிபிட்டரை (புரோட்டீன் வேலையை தடுக்கற காம்பவுண்ட்) லேபிளை நம்பி மூணு மாசமா செல்லுக்கு போட்டுட்டு இருந்தேன், வெஸ்டர்ன்ல (புரோட்டீனை பட்டையா காட்டற டெஸ்ட்) பேண்ட் குறையவே இல்ல. எங்க கெமிஸ்ட் அண்ணன் என்எம்ஆர் எடுத்தியாம்மான்னு கேட்டார். மாஸ், அதான் மாலிக்யூல் எடை, சரியா இருக்குண்ணா, அது எதுக்குன்னேன், எனக்கும் அப்ப கொஞ்சம் வீம்புதான். ஐசோமரா (அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேற) இருந்தா மாஸ் எப்படிம்மா மாறும்னு கேட்டுட்டு போசுட்டினிப்ங்கற கேன்சர் மருந்தோட கதைய சொன்னார். 2012ல வெளிய வந்த விஷயம், பல சப்ளையர்கள் போசுட்டினிப்னு வித்தது போசுட்டினிப்பே இல்ல, ஒரு வளையத்துல குளோரினும் மெத்தாக்ஸிங்கற அணுக்கூட்டமும் இடம் மாறின ஐசோமர், அத வச்சு எத்தனையோ லேப்ல வேலை நடந்திருக்கு. அசல்ல அந்த வளையத்தோட ரெண்டு ஹைட்ரஜனும் தனித்தனி பீக்கா வரும், தப்பான ஐசோமர்ல ரெண்டும் ஒண்ணு சேந்து ஒரே பீக், பாத்த உடனே தெரிஞ்சிடும்.

என் பாட்டிலையும் அவரே ட்யூப்ல போட்டு ஓட்டினார், பீக் வர வேண்டிய இடத்துல வரல. இப்பல்லாம் புது பாட்டில் வந்தா சீல் உடைச்சதும் முதல்ல 5 மில்லிகிராம் அண்ணன் கைக்குத்தான் போகுது.