வலிப்புக்கு மின் ‘தூண்டல்’: வேறு சொல் உண்டா? (அவசரம்)

சேலத்திலிருந்து:
அன்பர்களே, வலிப்பு நோயாளிகளுக்கான நான்கு பக்கக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வலிப்பைக் குறைக்கும் ஒரு கருவியைப் பற்றியது. கழுத்தின் இடப்பக்கம், மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பில் மின்கம்பியைச் சுற்றி, காறை எலும்புக்குக் கீழே கருவியைப் பதிப்பார்கள். பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 நொடி மின்சாரம் போகும். அந்நேரம் சிலருக்குக் குரல் கம்மும். ‘வேகஸ் நரம்புத் தூண்டல்’ என்று எழுதிவிட்டேன். ஆனால் 2ஆம் பக்கத்தில் ‘தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும்’ என்றும் இருக்கிறது. படித்துப் பார்த்த ஓர் அம்மா, “தூண்டாம பாத்துக்கங்கன்னு ஒரு பக்கம், தூண்டுறதுக்கே மிஷின்னு இன்னொரு பக்கமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கோவையிலிருந்து:
இயற்பியலில் மின்காந்தத் தூண்டலும் உண்டு, அது வேறு. இதயமுடுக்கி பழகிவிட்டதே, ‘நரம்புமுடுக்கி’ ஆகாதா?

சென்னையிலிருந்து:
ஏற்கெனவே மூளையின் மின்னோட்டம் மிதமிஞ்சிப் போவதுதான் நோய். அதை மேலும் முடுக்குவதா?

கும்பகோணத்திலிருந்து:
‘தூண்டல்’ செய்த குற்றம் என்ன? விளக்கைத் தூண்டுவது அணையாமல் காக்கத்தானே. மறைக்காட்டுக் (வேதாரண்யம்) கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலி, மூக்குச் சுட்டுத் திரியைத் தூண்டிவிட்டு மறுபிறவியில் மாவலி மன்னனானதை அப்பர் பாடவில்லையா? இலத்தீனில் வேகஸ் என்றால் அலைந்து திரிவது. ஆகவே ‘திரிநரம்பு’ என்க. திரிவதும் திரி, விளக்கில் எரிவதும் திரி. திரியைத் தூண்டுதல் எவ்வளவு பொருத்தம்! வலிப்புக்கும் ‘முயலகன்’ என்ற பழம்பெயர் இருக்கிறது. கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு வந்த முயலகனைத் திருப்பாச்சிலாச்சிராமம் என்ற சிவத்தலத்தில் சம்பந்தர் தீர்த்தார். ஆடவல்லானாகிய நடராசர் காலடியில் கிடப்பவனும் முயலகனே. வடமொழியிலும் நோய்க்கும் அவனுக்கும் ஒரே பெயர், அபஸ்மாரம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சேர், முயலகன் எண்டு போட்டால் சனம் கோயிலுக்குப் போகும், கிளினிக்குக்கு வராது. திரிநரம்பு எண்டால் பால் திரிஞ்ச மாதிரி நரம்பும் திரிஞ்சு போச்சோ எண்டு கேப்பினம்.

சென்னையிலிருந்து:
வலிப்புக்கு இப்படி மின்சாரம் செலுத்தும் கருவிகள் மூன்று உண்டு, சொல் மூன்றுக்கும் பொருந்த வேண்டும். வேகஸ் கருவிக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி. 2013இல் வந்தது மண்டையோட்டில் பதிப்பது. மூளையின் மின்னோட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, வலிப்பின் அறிகுறி கண்டதும் இயங்கும். 2018இல், மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதிக்குள் கம்பி செலுத்தும் ஆழ்மூளை முறை. மூன்றிலும் நடப்பது சிறுசிறு மின் அதிர்வு அனுப்புவதுதான். ‘மின்துடிப்பு’ போடுங்கள். தயவுசெய்து ‘அதிர்ச்சி’ மட்டும் வேண்டாம், ஷாக் என்று ஓடிவிடுவார்கள்.

கோவையிலிருந்து:
மின்துடிப்பு சரி. வேகஸை அப்படியே விடுங்கள். என் மகன் ‘வேகமான நரம்பு’ என்று புரிந்துகொண்டான், போகட்டும்.

சேலத்திலிருந்து:
மின்துடிப்புக்கு ஐவர், தூண்டலுக்கு இருவர், திரிக்கு ஐயா ஒருவர். ‘வேகஸ் நரம்பு மின்துடிப்புச் சிகிச்சை’ என்றே வைத்துவிட்டேன். 2ஆம் பக்கத்தில் ‘வலிப்பை வரவைக்கும்’ என்று மாற்றியாயிற்று.

யாழ்ப்பாணத்திலிருந்து:
பிந்திச் சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவாற அம்மாமார் ‘கை கால் துடிக்குது’ எண்டுதான் சொல்லுறவை.

சேலத்திலிருந்து:
கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது அக்கா.

கும்பகோணத்திலிருந்து:
மறுபதிப்பில் திரிநரம்பைப் பரிசீலிக்கவும். எலியைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.